எந்தக் கலர் பாதை?

போன ஞாயிற்றுக்கிழமை லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு நவராத்திரி வீடு. கடலையும் அவலும் சாப்பிட்டு, சரஸ்வதிக்கு ஒரு கும்பிடு போட்டு, வாசலில் குனிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் வீட்டுக்காரியின் குரல்.

"சந்திரா, எங்கை போறாய்?"

ஹாலில் பேச்சு நின்றுபோனது. விம்பிள்டனிலிருந்து வந்திருந்த ஒரு மாமி, வாயருகே கொண்டுபோன அவலை அப்படியே பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்பதா? அதுவும் வீட்டுக்காரியே கேட்பதா? அதுவும் சாமி வைத்திருக்கிற நாளில்?

உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. புறப்படுகிறவரை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது. போகிற ஆளுக்கே ஏதும் நடந்துவிடலாம். கேட்டே ஆக வேண்டுமென்றால் 'தூரத்துக்கோ?' என்று சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும். போகிறவரும் 'போறன்' என்று சொல்லக் கூடாது. 'போட்டு வாறன்', அதாவது போய்த் திரும்பி வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். வீடு வாசலை விட்டுவிட்டு வந்தோம், நகையை விட்டுவிட்டு வந்தோம்... இதை மட்டும் விடாமல் பிளேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

நான் நிமிர்ந்து, கேட்டவருக்கு முழு விபரமும் சொன்னேன்.

"சவுத்ஹோலுக்கு அக்கா. மரக்கறி வாங்கிக்கொண்டு நேரே வீட்டைதான். இருட்டுறதுக்கு முன்னம் ரெலிபோன் எடுக்கிறன்."

"சரி, போட்டு வா" என்றார் அவர், நிம்மதியாக.

விம்பிள்டன் மாமிக்கு அவல் தொண்டையில் இறங்கவில்லை. அவருக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். மாமி, பத்திரிகையை மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை வாசிக்க வேண்டும்!

அந்த வீட்டுக்காரியின் பெயர் பரமேஸ்வரி. எனக்குப் பரமேசக்கா. ஹீத்ரோவில், விமானத்துக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள் துஷி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நல்ல பிள்ளை, நல்ல வேலை, வயது முப்பதை நெருங்குகிறது. இந்த மூன்றும் ஒரு வீட்டில் சேர்ந்தால் தாய்க்கு நித்திரை வருமா? பரமேசக்காவின் கவலை அப்போது ஒன்றே ஒன்றுதான். தான் இருக்கும்போதே மகளை ஒரு நல்லவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

ஆகஸ்டுக்கு முன்னமே நான்கு மாப்பிள்ளைகளைப் பார்த்தாகியிருந்தது. நான்கும் கோயிலில். நடைமுறை உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டார் வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் 'தற்செயலாக' வருவார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் 'தற்செயலாக' வருவார்கள். இரண்டு கூட்டமும் பிள்ளையாரைச் சுற்றும். ஏதோ ஒரு சுற்றில் பெண் நிமிர்ந்து பார்க்கும், பெடியன் வேட்டியைச் சரிசெய்வான். வீட்டுக்குப் போனபின் டெலிபோனில் 'எப்பிடி?' என்று கேட்பார்கள். பிடிக்காவிட்டாலும் ஒருவருக்கும் அவமானமில்லை, சாமி கும்பிடத்தானே போனது! இதை நான் கேலி செய்யவில்லை. இதைவிட நாகரிகமான ஏற்பாட்டை வெள்ளைக்காரன்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் துஷி நான்கு முறையும் வேண்டாம் என்றாள். ஏன் என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"அன்ரி, கோயிலிலை எல்லாரும் நல்லவையாத்தான் இருப்பினம். பத்து நிமிஷத்துக்கு ஆரும் நல்லவையா இருக்கலாம். மழையிலை, பசியிலை, வழி தெரியாத இடத்திலை எப்பிடி இருப்பினம்? எனக்கு அதுதான் தெரிய வேணும்."

மழை, பசி, வழி தெரியாத இடம்... எனக்கு உடனே ஒரு இடம் ஞாபகத்துக்கு வந்தது.

என் பைத்தியம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். கவுன்சில் ஆபீசில் என்னோடு வேலை செய்கிறவர்கள் வருஷத்தில் ஒருமுறை வடக்கே ஒரு காட்டுக்கு நடக்கப் போவார்கள். நானும் போவேன். ஸ்கொட்லாந்து எல்லைக்குச் சற்றுக் கீழே, அரசாங்கத்தின் காடு. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த பேங்க் ஹாலிடே விடுமுறைக்கு நீங்கள் எல்லோரும் கோச் பிடித்து, பிரியாணி அண்டாவோடு அங்கே வந்து நிற்பீர்கள்.

"நடக்கிறதுக்கு ஒரு நாள் முழுக்கக் கார் ஓடுறதோ? ஹவுன்ஸ்லோவிலை ரோட்டு இல்லையோ?" என்று, நான் யோசனையைச் சொன்னதும், பரமேசக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் அங்கே போய் நின்றால்தான் தெரியும்.

முதலில் அது காடே இல்லை. நட்டது. ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் ஸ்புரூஸ் மரங்கள், அசெம்பிளிக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. நடுவில் பெரிய ஏரி. அதுவும் அணை கட்டி உண்டாக்கியது. காடும் செய்தது, ஏரியும் செய்தது. ஆனால் உள்ளே ஒரு மைல் நடந்துவிட்டால் செய்தது எது, தானாக வந்தது எது என்று பிரிக்க முடியாது. மரத்தடியில் பாசி மெத்தை. ஓடைத் தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் ஓடும். செம்மண் நிற அணில்கள் தலைக்கு மேலே பைன் காயைக் கொறித்துத் தோலைப் போடும். மரக்கூட்டத்தைத் தாண்டி மேலே ஏறினால் மலை முழுவதும் ஆகஸ்ட் மாதத்து ஹெதர் பூ, நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்தில்.

எனக்குப் பிடித்தது இது ஒன்றுமில்லை. வேலி இல்லை. அதுதான் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஒரு பனை ஓலை எந்தப் பக்கம் விழுந்தது என்று வழக்குப் போடுகிற சனத்தில் வளர்ந்த எனக்கு, கேட் இல்லாமல், டிக்கெட் இல்லாமல், 'நீர் ஆர்?' என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் ஒரு நிலம் அப்படியே திறந்து கிடப்பது முதல் தரம் பயமாகவே இருந்தது. வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் போகிறார்கள், ஏரியில் படகு வலிக்கிறார்கள், நாயோடு நடக்கிறார்கள், கொட்டுகிற மழையில் பெஞ்சில் இருந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

"அரசாங்கத்தின்ரை காடோ? அப்ப ஆமிக்காரன் நிப்பானோ?" இது பரமேசக்காவின் அடுத்த கேள்வி.

"இல்லை அக்கா. அணில்தான் நிக்கும்."

"பாஸ் ஏதும் எடுக்க வேணுமோ?"

"மழைக்கோட்டு எடுத்தால் காணும்."

இப்படித்தான் ஐந்தாவது பெண் பார்த்தல் காட்டுக்குப் போனது.

மாப்பிள்ளை ரமணன். வடக்கு லண்டன் எட்மண்டன். கணக்காளர். அவனுடைய அப்பா குலசேகரம் அண்ணை பத்திரிகைக் கடை வைத்திருக்கிறார். கையில் செங்கல் அளவில் ஒரு மொபைல் போனும் வைத்திருக்கிறார், அது இல்லாமல் குளிக்கவும் போக மாட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் 'காட்டுக்கோ?' என்று ஒருமுறை திடுக்கிட்டார். பிறகு, 'லண்டனிலை ஒரு கண்ணும் பாக்காது, அது நல்லதுதான்' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆகஸ்ட் பேங்க் ஹாலிடே. காட்டோரத்தில் வாடகைக்கு விடும் மரக் குடில்கள் உண்டு. ஒன்றில் பரமேசக்காவும் துஷியும் நானும். இன்னொன்றில் எட்மண்டன் கூட்டம். சனிக்கிழமை காலை கார் பார்க்கில் 'தற்செயலாக'ச் சந்திக்க வேண்டும் என்று ஏற்பாடு.

குலசேகரம் அண்ணை காரிலிருந்து இறங்கினார். இரண்டு கையையும் விரித்தார்.

"அட! பரமேஸ்வரி அக்காவே! என்ன, இந்தப் பக்கம்?"

லண்டனிலிருந்து முன்னூறு மைல். சுற்றுவட்டாரத்திலேயே தமிழர்கள் என்றால் நாங்கள் ஆறு பேர்தான். இருவர் சேலையில். இதில் 'என்ன இந்தப் பக்கம்'! பக்கத்து மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மட்டும் உண்மையாகவே நம்பி, உலகம் எவ்வளவு சின்னது என்று எங்களுக்காகச் சந்தோஷப்பட்டார்கள். துஷி சிரிப்பை அடக்க முடியாமல் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தாள். ரமணனும் குனிந்தான். அவன் போட்டிருந்தது நாடாவே இல்லாத ஆபீஸ் சப்பாத்து, பளபளவென்று. காட்டுக்கு!

அந்தக் கார் பார்க்கிலிருந்து மூன்று நடைபாதைகள் தொடங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வழி நெடுக அந்த நிறம் பூசிய மரக்கட்டை நட்டிருக்கும், அதைப் பார்த்துப் பார்த்து நடந்தால் சுற்றி வந்து அதே இடத்தில் சேரலாம். மஞ்சள், ஏரிக்கரையோடு போவது, குழந்தை வண்டிகூடத் தள்ளலாம். நீலம், மலை உச்சிக்கு ஏறி இறங்குவது. சிவப்பு, காட்டின் நடு வயிற்றுக்குள் போய் வருவது. எல்லோரும் சேர்ந்து மஞ்சளில் நடப்போம், பிள்ளைகள் இருவரும் கொஞ்சம் முன்னாலே போகட்டும் என்பது என் திட்டம்.

ஆனால் நம்மவர்கள் வெளியே போனால் முதல் வேலை என்ன? சாப்பாடு. ரமணனின் அம்மா ஹொட்கேஸைத் திறந்துவிட்டார். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, முட்டைப் பொரியல், கட்டைச் சம்பல். காட்டு வாசனை அத்தோடு போயிற்று. பெரியவர்கள் நாங்கள் மேசையைச் சுற்றி அமர்ந்துவிட்டோம். துஷி எழுந்தாள். ரமணனும் எழுந்தான்.

"நாங்கள் கொஞ்சம் நடந்திட்டு வாறம்."

ரமணனின் அம்மா, "எங்கை..." என்று வாயைத் திறந்தார். குலசேகரம் அண்ணை மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்ததை நானே கண்டேன். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் அபசகுனமாகக் கேட்பதா? பரமேசக்கா கையை மட்டும் உயர்த்தி, "போட்டு வாங்கோ, போட்டு வாங்கோ" என்றார். நான் ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? கேட்டால் காவலுக்கு ஆள் வைத்த மாதிரி இருக்கும். மஞ்சளில்தான் போவார்கள் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இருவரும் மரங்களுக்குள் போய் மறைந்தார்கள். நாங்கள் இரண்டாம் தரம் புட்டு போட்டுக்கொண்டோம்.

சாப்பிட்டு முடிய மேகம் மலையை விட்டு இறங்கத் தொடங்கியது. அந்த ஊர் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. முதலில் எதிர்க்கரை காணாமல் போகும். பிறகு ஏரி காணாமல் போகும். பிறகு நாம் நனைந்திருப்போம். பார்வையாளர் நிலையத்தின் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். கண்ணுக்குத் தெரியாத மிட்ஜ் பூச்சிகள் எங்களைப் பிய்த்து எடுத்தன. சைக்கிளில் போனவர்கள் திரும்பினார்கள். படகுக்காரர்கள் திரும்பினார்கள். தேத்தண்ணித் தம்பதி கை காட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். எங்கள் பிள்ளைகள் வரவில்லை.

நான் மஞ்சள் பாதையில் பாதித் தூரம் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தேன். எதிரே வந்தவர்களை எல்லாம் கேட்டேன். கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது குலசேகரம் அண்ணை மொபைல் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கார் பார்க்கைச் சுற்றிக்கொண்டிருந்தார். சிக்னல் இல்லை.

"என்ன சந்திரா இது? உம்மை நம்பி வந்தம். பொம்பிளைப் பிள்ளையையும் பெடியனையும் காட்டுக்குள்ளை அனுப்பிப்போட்டு... நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்?"

"அண்ணை, ஊர் முன்னூறு மைலுக்கு அங்காலை இருக்குது. முதல் பிள்ளையள் வரட்டும்."

குரலை உறுதியாகத்தான் வைத்திருந்தேன். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. ஆனால் மேட்டில் மூட்டம் இறங்கினால் பகலும் இருட்டுத்தான்.

நிலையத்துக்குள் போய் ரேஞ்சரைக் கூட்டி வந்தேன். இளம் பெண், கட்டைத் தலைமுடி, முழங்கால் வரை சேறு. பதறவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எந்தக் கலர்?"

நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"சரி, புறப்படும்போது எங்கே போவதாகச் சொன்னார்கள்?"

"சொல்லவில்லை."

"நீங்கள் கேட்கவில்லையா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஆபீசில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ விளக்கம் சொல்லியிருக்கிறேன். புறப்படுகிறவரை எங்கே என்று கேட்பது எங்கள் வழக்கத்தில் நல்லதில்லை, கேட்டால் போனவர் திரும்பி வராமல் போகலாம் என்று இங்கிலீஷில் சொல்லி முடித்தபோது, என் காதுக்கே அது வேறு மாதிரிக் கேட்டது. அவள் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். நடக்கப் போகிறவர்களுக்கான அறிவுரை. எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்... முதல் வரியே அதுதான்.

"போன புயலில் சிவப்புப் பாதையில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. சுற்றிப் போகிறவர்களுக்குக் கட்டைகள் தவறிவிடும். நான் முதலில் அங்கே பார்க்கிறேன்" என்று வேனில் ஏறினாள். வயர்லெஸ்ஸில் யாரோ ஒருவரை நீலத்துக்கு அனுப்பினாள். நான் பூட்ஸை இறுக்கிக் கட்டினேன். கட்டி? எந்தப் பாதையால் போவது? அதுதானே தெரியாது!

பரமேசக்கா பெஞ்சில், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டபடி, பாதைகள் தொடங்குகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் அமர்ந்தேன்.

"அந்த ரேஞ்சர் பிள்ளை என்ன சொன்னது?"

சொன்னேன்.

"அப்ப... கேட்டிருக்க வேணுமோ?"

"ஓம் அக்கா. இஞ்சை கேக்கத்தான் வேணும்."

ஓட்டிலிருந்து விழுகிற மழைத் தண்ணீரைப் பார்த்தபடி அவர் சொன்னார்.

"நான் ஒருக்கால் கேட்டனான், சந்திரா. துஷியின்ரை அப்பா சைக்கிளை எடுக்கேக்கை. அடுப்படியிலை நிண்டு, வாய் தவறி, 'எங்கை போறியள்?' எண்டு. 'சங்கக்கடைக்கு, சாமான் வாங்க' எண்டவர். அண்டைக்குத்தான் சந்தியிலை ஷெல் விழுந்தது. சைக்கிள்தான் வந்தது."

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை.

"அதுக்குப் பிறகு நான் ஒருத்தரையும் கேக்கிறேல்லை. துஷி யூனிவர்சிட்டிக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு, ரெயில் எந்த ஊருக்குப் போகுது எண்டுகூடக் கேக்கேல்லை. 'போட்டு வா' எண்டு மட்டும் சொன்னனான். வந்தவள். ஒவ்வொரு முறையும் வந்தவள்."

"அக்கா, ஷெல்லுக்குக் காது இல்லை. நீங்கள் கேட்டதாலை அது வந்து விழேல்லை."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குளிர்ந்த கை. எனக்கு அந்த நேரம் காட்டின் மீது, மழையின் மீது, மூன்று கலர் கட்டைகள் மீது, எல்லாவற்றின் மீதும் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், இந்தப் பெண் இத்தனை வருஷமாக ஒரு கேள்வியைத் தன் மேல் கொலைக்குற்றமாகச் சுமந்துகொண்டு ஹீத்ரோவில் தட்டு அடுக்கியிருக்கிறாளே, அதுதான் கோபம்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அப்போதுதான் ரமணனின் அம்மா கத்தினார்.

"அங்கை! அங்கை வருகினம்!"

சிவப்பிலிருந்து இல்லை. நீலத்திலிருந்தும் இல்லை. மஞ்சள் பாதையின் மறுமுனையிலிருந்து, ஏரிக்கரையோடு, இரண்டு உருவங்கள். துஷியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ரமணன் நொண்டி நொண்டி வருகிறான். அவன் ஒரு சப்பாத்தின் அடிப்பாகம் கழன்று, அதைத் துஷியின் கழுத்துச் சால்வையால் காலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். எங்களுக்கு உயிர் போகிறது, அவர்களுக்குச் சிரிப்பு!

பரமேசக்கா எழுந்து போனார். அடிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். மகளின் தலையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பெடியனின் தலையையும் துடைத்தார். குலசேகரம் அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அதைப் பார்த்துவிட்டு மொபைல் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

நடந்தது இதுதான். சிவப்பில் போயிருக்கிறார்கள். விழுந்த மரங்களைச் சுற்றிப் போனதில் கட்டைகளைத் தவறவிட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், வரிசை வரிசையாக. மூட்டம் வேறு. அப்புறம் ஒரு ஓடையைக் கண்டு, அது எப்படியும் ஏரிக்குத்தானே போகும் என்று அதைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். கரைக்கு வந்ததும் மஞ்சள் கட்டை. ரேஞ்சருக்கு வயர்லெஸ்ஸில் செய்தி போய், அவளும் வந்து ரமணனின் சப்பாத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

குடிலுக்கு வந்து, துஷி போர்வைக்குள் சுருண்டு தேத்தண்ணி குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "எப்பிடி?"

"அன்ரி, கோயிலைச் சுத்தின நாலு பேரும் சரியான பக்கம்தான் சுத்தினவை. நாலு பேருக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்தது. இவர் மரத்துக்கு நடுவிலை நிண்டு, 'துஷி, எனக்கு வழி தெரியேல்லை, பயமாயும் கிடக்கு, நீங்கள் என்ன நினைக்கிறியள்?' எண்டு கேட்டவர். நான் ஓடையைக் காட்டினன். உடனை 'ஓம், அது நல்ல யோசனை' எண்டார். நான் சொன்னதை ரெண்டு நிமிஷம் கழிச்சுத் தன்ரை யோசனை மாதிரித் திருப்பிச் சொல்லவும் இல்லை!"

பெண் வாசகர்களே, இதன் அருமை உங்களுக்குத் தெரியும். ஆண் வாசகர்கள் வீட்டில் விசாரித்துக்கொள்ளலாம்.

சரி, கதை இதோடு முடிந்ததா? இல்லை. மறுநாள் காலை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஏரி தலைகீழாக மலையை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. இரண்டு குடும்பமும் எங்கள் குடிலின் விறாந்தையில். இப்போது தற்செயல் ஒன்றும் இல்லை, குலசேகரம் அண்ணை உரிமையோடு இரண்டாவது கோப்பை தேத்தண்ணி கேட்டார். துஷி பூட்ஸ் மாட்டினாள். ரமணன் என்னுடைய பழைய வெலிங்டனுக்குள் காலைத் திணித்துக்கொண்டு நின்றான், விரல் மடங்கியபடி, ஒரு முறைப்பாடும் இல்லாமல்.

"நாங்கள் போட்டு வாறம்."

கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் கேட்டிருப்பேன். ஆனால் பரமேசக்கா கதிரையிலிருந்து எழுவதைக் கண்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் விறாந்தைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"எங்கை போறியள்?"

துஷி அப்படியே நின்றுவிட்டாள். அம்மாவின் வாயிலிருந்து, அப்பா போன நாள் முதல் அவள் கேட்காத கேள்வி. ஏன் கேட்காத கேள்வி என்பதும் அவளுக்குத் தெரியும் என்று அந்த முகத்தைப் பார்த்தபோது புரிந்துகொண்டேன். படியேறித் திரும்பி வந்து, அம்மாவின் கையைக் கம்பியிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மஞ்சள், அம்மா. ஏரிக்கரையாலை போய், அந்தப் பாலத்தடியிலை திரும்பி வருவம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் இஞ்சை நிப்பம்."

"மஞ்சள்" என்றார் பரமேசக்கா, தனக்குள் பாடமாக்குவது போல. "சரி. போட்டு வாங்கோ."

அவர்கள் போனார்கள். அவர் கதிரையைத் திருப்பிப் போட்டு, மஞ்சள் கட்டையைப் பார்த்தபடி அமர்ந்தார். குலசேகரம் அண்ணை பகிடி விடப் பார்த்தார், அவர் காதில் விழவில்லை. ரமணனின் அம்மா பேச்சை மாற்றிப் பார்த்தார், அதுவும் விழவில்லை. ஒரு அணில் விறாந்தைப் படி வரைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

மத்தியானத்துக்கு முன்னம் வந்தார்கள். சொன்ன பாதையால், சொன்ன பக்கத்திலிருந்து, சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்தார்கள். பரமேசக்கா அப்போதுதான் அழுதார். வாய்விட்டு அழுதார். வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தி, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, பிள்ளைகள் நடந்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்றேன். அவர்களுக்கு ஒன்றும் விளங்கியிராது.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நான் என்ன பரிசு கொடுக்கப் போகிறேன் என்று ஊகித்திருப்பீர்கள். நல்ல தோல் பூட்ஸ், நாடா வைத்தது.

அன்றிலிருந்து ஹவுன்ஸ்லோ வீட்டு வாசலைத் தாண்டுகிற எவரையும் பரமேசக்கா விடுவதில்லை. போஸ்ட்மேனைக்கூட இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். பழக்கங்களை விட வேண்டும் என்று நான் இங்கே பிரசங்கம் செய்ய வரவில்லை. 'போட்டு வாறன்' என்ற சொல்லை நானும் விட மாட்டேன், அதைப் போல அழகான சொல் வேறு எந்தப் பாஷையிலும் நான் கேட்டதில்லை. ஆனால் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள்தானே நாம்? எங்கே போனார்கள் என்று தெரிந்தால்தானே தேடிப் போகலாம்?

ஆகவே, விம்பிள்டன் மாமி... அடுத்த தரம் அந்த வாசலில் உங்களைக் கேட்டால் முகத்தைச் சுளிக்காதீர்கள். கலரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.